மெக்னீசியம் டப்பா வாங்கும் முன்: பாப்பாரப்பட்டி மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாப்பாரப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கும் அம்மாக்களே, அக்காமார்களே, தங்கைகளே,



கொஞ்ச காலமாக நம் குழுக் கூட்டங்களில் சேமிப்புப் பணத்தை எண்ணி நோட்டில் எழுதி முடித்ததும் ஒரு டப்பா பையிலிருந்து வெளியே வருகிறது. மெக்னீசியம் மாத்திரை. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா, இது. ராத்திரி தூக்கம் வரவில்லையா, இது. முதுகுவலி, மூட்டுவலி, அசதி, படபடப்பு எல்லாவற்றுக்கும் இதுவே. விற்கிறவரும் நம்மில் ஒருத்திதான். தனக்குச் சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் சொல்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உள்கடன் போட்டு இந்த டப்பாவை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மருந்தாளுநர். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை. மெக்னீசியம் மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் சேருகிற மாத்திரையை வாங்க வேண்டும். தேவைப்படாதவர்கள் காசைக் கையில் வைத்திருக்க வேண்டும். சாப்பிடவே கூடாதவர்கள் தொடக்கூடாது. இந்த மூன்றில் நீங்கள் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டப்பாவைக் கையில் எடுக்க வேண்டும்.

வயலில் வேலை செய்கிற உங்களுக்கு மெக்னீசியம் புதிதல்ல. மரவள்ளியின் அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் வெளுத்துப் போனால், பருத்தி இலை சிவந்தால், மெக்னீசியம் சல்பேட் கொடுக்கச் சொல்வார்கள். நம் ஊர் வேளாண் அறிவியல் மையத்துக்குப் போய்வந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். இலைக்குப் பச்சை நிறம் தருகிற பச்சையத்தின் நட்டநடுவில் இருப்பது ஒரு மெக்னீசியம் அணு. கீரையில் மெக்னீசியம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதி பெரும்பாலும் தசையிலும் மற்ற திசுக்களிலும். ரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தசை சுருங்கி விரிய, நரம்பு சேதி கொண்டுபோக, இதயம் சீராகத் துடிக்க, சாப்பிட்ட சோறு சக்தியாக மாற, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அமெரிக்க அளவுகோலின்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 310 முதல் 320 மி.கி., ஆணுக்கு 400 முதல் 420 மி.கி. தேவை. இது சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்த கணக்கு, மாத்திரையின் கணக்கு அல்ல.

இனி டப்பாவுக்கு வருகிறேன்.

மெக்னீசியம் தனியாக மாத்திரைக்குள் இருக்க முடியாது. அது வேறொன்றோடு சேர்ந்து உப்பாகத்தான் இருக்கும். ஆக்சைடு, ஹைட்ராக்சைடு, கார்பனேட், சல்பேட், குளோரைடு, சிட்ரேட், லாக்டேட், கிளைசினேட், மாலேட், திரியோனேட் என்று பெயர்கள் நீளும். டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மெக்னீசியம் என்று மட்டும் இருக்கும். எந்த உப்பு என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது பின்பக்கத்தை.

ஆக்சைடு என்பது மலிவானது. சேலத்தில் மாக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ரயில் நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். 2,800 டிகிரி சூட்டிலும் உருகாத பொருள் என்பதால் இரும்பு ஆலை உலைகளுக்கு உள்பூச்சாகவும் செங்கல்லாகவும் போகிறது. மாத்திரைக்குப் போவது மருந்துத் தரத்தில் சுத்தம் செய்த ஆக்சைடு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் குணம் ஒன்றுதான்: தண்ணீரில் கரையாது. கரையாத பொருளைக் குடல் உறிஞ்ச முடியாது.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மில்க் ஆஃப் மெக்னீசியா என்ற வெள்ளை மருந்து இருக்கிறதே, அது ஆக்சைடுக்கு நெருங்கிய சொந்தமான ஹைட்ராக்சைடு. கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு டீஸ்பூன் அதில் விடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்து நிற்கும். எவ்வளவு கலக்கினாலும் தெளியாது, விட்டுவிட்டால் அடியில் மாவாகப் படியும். இப்போது ஒரு எலுமிச்சம்பழத்தை அதில் பிழிந்து கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெண்மை கலைந்து, டம்ளருக்கு அந்தப்பக்கம் விரல் தெரியும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் கரையாத ஹைட்ராக்சைடைக் கரைகிற மெக்னீசியம் சிட்ரேட்டாக மாற்றிவிட்டது. இது பார்ப்பதற்கு மட்டும். குடிக்க வேண்டாம், கீழே ஊற்றிவிடுங்கள்.

வயிற்றிலும் இதுவேதான் நடக்கிறது. ஆக்சைடு மாத்திரை கரைய வயிற்று அமிலம் வேண்டும். வயதாக ஆக சிலருக்கு அமிலம் குறையும். வாய்வு, நெஞ்செரிச்சல் என்று காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே அமிலத்தை அடக்கிவிடுகிறது. அவர்களிடம் ஆக்சைடைக் கொடுத்தால் அது பெரும்பாலும் கரையாமலே கீழே இறங்கும். இறங்கும்போது குடலில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பேதி ஆகும். பேதி ஆவதை உடம்பு சுத்தமாகிறது என்று விற்கிறவர் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். மெக்னீசியம் உள்ளே சேராமல் வெளியே போகிறது என்பதுதான் அதன் பொருள்.

2001இல் ஃபிரோஸ், கிரேபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடைகளில் விற்ற மெக்னீசியம் மாத்திரைகளை எடுத்துச் சோதித்தார்கள். ஆக்சைடில் உடம்பு எடுத்துக்கொண்டது 4 சதவீதம்தான். குளோரைடு, லாக்டேட், அஸ்பார்டேட் மூன்றும் அதைவிட நன்றாகச் சேர்ந்தன. 2003இல் இங்கிலாந்தில் 46 பேருக்கு இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிட்ரேட் முதலிடம் பிடித்தது, ஆக்சைடு மருந்தில்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1994இல் சிறுகுடலின் கடைப்பகுதியை அறுவையில் நீக்கிய 12 பேரிடம் ஆக்சைடையும் கிளைசினேட்டையும் ஒப்பிட்டபோது சராசரியில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் ஆக்சைடு மிகக் குறைவாகச் சேர்ந்தவர்களிடம் மட்டும் கிளைசினேட் தெளிவாக மேலாக இருந்தது. ஆகவே கிளைசினேட்டை அதிசய மருந்தாகப் பார்க்க வேண்டியதில்லை. குடல் சரியில்லாதவர்களுக்கும் வயிறு சீக்கிரம் கெடுகிறவர்களுக்கும் அது ஒத்துப்போகிறது. அந்த அளவுக்கு அதை மதிக்கலாம்.

அடுத்தது எடை. இங்கேதான் அதிகப்பேர் ஏமாறுகிறார்கள். கடலக்காய் மூட்டையை எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வீட்டில் தோலை உரித்த பிறகு பருப்பு எவ்வளவு தேறும் என்று உங்களுக்குத் தெரியும். மெக்னீசியம் உப்பும் அப்படித்தான். டப்பாவில் மெக்னீசியம் கிளைசினேட் 1,000 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் தேறுகிற மெக்னீசியம் சுமார் 140 மி.கி. சிட்ரேட்டில் நூற்றுக்குப் பதினாறு. லாக்டேட்டிலும் குளோரைடிலும் பன்னிரண்டு. திரியோனேட்டில் எட்டு. ஆக்சைடில் மட்டும் அறுபது. அதனால்தான் ஆக்சைடு போட்ட டப்பாவில் எண் பெரிதாக இருக்கும், மாத்திரை சின்னதாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். எண் பெரிதாக இருந்து என்ன பயன்? 500 மி.கி. ஆக்சைடில் 300 மி.கி. மெக்னீசியம் இருக்கிறது. அந்த 2001 ஆய்வின் கணக்கில் உடம்பில் சேருவது அதில் 12 மி.கி.

லேபிளில் எலிமென்டல் மெக்னீசியம் என்று ஒரு வரி இருக்கும், இருக்க வேண்டும். அந்த வரிக்கு நேராக இருக்கும் எண்தான் பருப்பின் எடை. அந்த வரியே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். இன்னொரு சோதனையும் செய்யலாம். கிளைசினேட் என்று சொல்லி, ஒரே ஒரு மாத்திரையில் 400 மி.கி. எலிமென்டல் மெக்னீசியம் என்று போட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு 2,800 மி.கி.க்கு மேல் கிளைசினேட் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று கிராம். ஒரு மாத்திரையில் அது அடங்காது. அப்படியானால் உள்ளே ஆக்சைடு கலந்திருக்கிறது. பஃபர்டு என்ற ஒரு சொல் லேபிளில் இருந்தாலும் பெரும்பாலும் அதே அர்த்தம்தான். நம் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறார்கள். டப்பாவை அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் படித்த வேதியியலே இந்தக் கணக்குக்குப் போதும்.

மருத்துவர் மெக்னீசியம் சாப்பிடச் சொல்லியிருந்தால் என் பரிந்துரை இது. மலச்சிக்கலும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு சிட்ரேட். வயிறு இளகுகிற சுபாவம் உள்ளவர்களுக்கு கிளைசினேட். இரண்டும் கிடைக்காமல் லாக்டேட்டோ குளோரைடோ கிடைத்தால் அதுவும் நல்லதே. குறைபாட்டைச் சரிசெய்ய ஆக்சைடை நான் தரமாட்டேன். திரியோனேட் மூளைக்கு நல்லது என்று பெரிய விலையில் வருகிறது. அந்தப் பேச்சு 2010இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. மனிதர்களிடம் சான்று இன்னும் சிறிது. நம் குடும்பங்கள் அந்த விலை கொடுக்க வேண்டாம். தோலில் தேய்க்கிற மெக்னீசியம் எண்ணெய் வழியாக உடம்பில் போதுமான அளவு சேருகிறது என்பதற்கும் தகுந்த சான்று இல்லை.

ஒரே வேளையில் நிறையப் போட்டால் குடல் குறைந்த பங்கைத்தான் எடுக்கும். கொஞ்சமாகக் கொடுத்தால் பாதிக்கு மேல் சேரும், அளவு கூடக்கூட அந்தப் பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கும் என்று 1991லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே காலையில் பாதி, ராத்திரி பாதி, சாப்பாட்டோடு. அமெரிக்காவில் மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 350 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், ஐரோப்பாவில் 250. மருத்துவர் வேறு அளவு எழுதாதவரை நாம் 250இல் நின்றுகொள்வது நல்லது.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் மெக்னீசியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ அதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மெக்னீசியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ச்சல் இறங்காது. சுகாதார நிலையத்தில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளைக்கு ஒதுக்குங்கள்.

இனி, தொடவே கூடாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். மடலின் மற்ற பகுதி மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள்.

உடம்பில் கூடுதலாகச் சேருகிற மெக்னீசியத்தைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் பழுதானால் மெக்னீசியம் ரத்தத்தில் ஏறும். முதலில் குமட்டல், சோர்வு, தூக்கக் கலக்கம். பிறகு ரத்த அழுத்தம் இறங்கும், தசை தளரும். அதற்கும் மேலே போனால் மூச்சும் இதயமும் தடுமாறும். பிரசவ வார்டில் இருந்தவர்கள் ஒன்றைப் பார்த்திருக்கலாம். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி வரும் ஆபத்தில் இருக்கிற தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். 2002இல் வெளியான மேக்பை ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்தது. அந்த ஊசியால் ஜன்னி வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றிய மருந்து அது. அதே ஊசி போட்ட பிறகு செவிலியர் அடிக்கடி வந்து முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார், கால் துள்ளுகிறதா என்று. மூச்சை எண்ணுவார். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பார். கால் துள்ளவில்லை என்றால் அடுத்த ஊசியை நிறுத்திவிடுவார்கள். முறிவுக்கு கால்சியம் குளுகோனேட் தயாராக இருக்கும். கைதேர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இவ்வளவு கவனமாகக் கையாளுகிற பொருள் இது. மாத்திரையில் அந்த வேகம் இல்லைதான். ஆனால் பழுதான சிறுநீரகத்துக்கு மாத்திரையே ஆபத்தாகலாம்.

நம்மில் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிற பெண்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். நாள்பட்ட சர்க்கரையும் பிரஷரும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே சர்க்கரை, பிரஷர் உள்ள யாரும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டாமல் மெக்னீசியம் மாத்திரை தொடங்கக் கூடாது. கிராமம் கிராமமாகப் போகிற நம் தன்னார்வலர் சகோதரிகளிடம் நான் கைகூப்பிக் கேட்கிறேன்: நீங்கள் மாத்திரை கொடுக்கிற வீட்டில் இந்த டப்பா இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதே சர்க்கரை நோயாளிகளிடம்தான் மெக்னீசியம் உண்மையிலேயே குறைகிறது என்பதும் உண்மை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீரில் மெக்னீசியம் அதிகமாக வெளியேறுகிறது. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் எழுதுகிற நீர் மாத்திரைகள் சிலவும் அப்படிச் செய்யும். நெஞ்செரிச்சல் மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மெக்னீசியம் இறங்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் எச்சரித்தது. அந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். தினமும் குடிக்கிற ஆண்களுக்கும், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் குறையும். இவர்களுக்கு மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் நல்ல உப்பாகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடட்டும். அதற்குத்தான் மேலே அத்தனையும் எழுதினேன்.

கெண்டைக்கால் இழுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் டப்பா அதிகம் விற்பது அதற்குத்தான். வயதானவர்களுக்கு ராத்திரியில் வருகிற கால் இழுப்பை மெக்னீசியம் குறைக்கிறதா என்று நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் குழு 2020இல் முடிவு சொன்னது: குறிப்பிடத்தக்க பயன் இருக்க வாய்ப்பில்லை. நாள் முழுதும் நாற்று நட்டுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் வீடு வந்து படுக்கிறவளுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் ஓய்வும், படுக்கும் முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிடுவதும். இதற்குக் காசு வேண்டாம்.

மூட்டுவலி, முதுகுவலிக்கு மெக்னீசியம் என்று சொல்லும்போதுதான் எனக்கு அதிகக் கவலை. நம் தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நிதியுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பில், 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிவைத்த திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அது காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது அளவு. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை வரும். பெரியவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் படிந்து கழுத்து, இடுப்பு, முழங்கால் எல்லாம் இறுகும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: தாடையை நெஞ்சில் தொட முடிகிறதா? முழங்கால் மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? இரண்டு கையையும் பிடரியில் கோத்து முழங்கையைப் பின்னால் தள்ள முடிகிறதா? முன்பு முடிந்து இப்போது முடியவில்லை என்றால், அதோடு வீட்டில் இன்னமும் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், மாத்திரைக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள், நீங்கள் மருத்துவரைப் பாருங்கள். ஃபுளோரைடால் வந்த வலியை மெக்னீசியம் குறைபாடு என்று நினைத்துக்கொண்டு அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால், மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொரு மாதமும் எலும்பு இன்னும் இறுகும். கேனில் வருகிற ஆர்.ஓ. தண்ணீர் ஃபுளோரைடை எடுத்துவிடும், ஆனால் தண்ணீரில் இயல்பாக இருக்கும் மெக்னீசியத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருவில் அதைக் குடிப்பதே மேல்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் மண்ணுக்கே துரோகம். 100 கிராம் ராகியில் சுமார் 145 மி.கி. மெக்னீசியம் இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் 20 மி.கி.தான். கம்பு, சோளம், கொள்ளு எல்லாம் நூறுக்கு மேல். சாமையில் 90 ஒட்டி. முருங்கைக்கீரையில் ஏறக்குறைய நூறு. நிலக்கடலையில் அதைவிடக் கூடுதல். ஒருத்தி ஒரு நாளைக்கு 150 கிராம் ராகி மாவில் களியோ கூழோ சாப்பிட்டால் 200 மி.கி.க்கு மேல் வந்துவிட்டது, அதாவது ஒரு நாள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. கொள்ளுக் கடைசலும் ஒரு பிடி கடலக்காயும் கீரையும் சேர்ந்தால் மீதியும் வந்துவிடும். ராகியிலும் பயறிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் மெக்னீசியத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதற்கு நம் பாட்டிமார் கைவசம் வழி வைத்திருந்தார்கள். மாவைக் கரைத்து ராத்திரி புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினார்கள், ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தார்கள். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டை உடைக்கிறது. மாவை வெள்ளையாக வர வேண்டும் என்று மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டாதீர்கள், மெக்னீசியம் அதில்தான் அதிகம்.

2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் முதலில் இந்த இரண்டு மாவட்டத்துக்குத்தான் கிடைத்தது. ரேஷனில் வாங்கிய ராகியை மாட்டுக்கு வைத்துவிட்டு, மெக்னீசியம் வேண்டும் என்று ஆயிரம் ரூபாய் டப்பா வாங்குவது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளைகள் களி சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்பீர்கள். ராகி அடை, ராகி இட்லி, ராகி புட்டு செய்து கொடுங்கள். வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு அடை சுட்டால் எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

1989இல் தமிழ்நாட்டில் முதன்முதலாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில். கந்துவட்டிக்காரரிடமிருந்து பெண்களை விடுவிக்க வந்த அமைப்பு. அந்தச் சேமிப்பு, சத்து மாத்திரை நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில் போய் விழக் கூடாது. ஆகவே ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசித்துக் காட்டுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்தச் சத்து மாத்திரைக்கும் உள்கடன் இல்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். எந்த உப்பு, எலிமென்டல் எவ்வளவு, உங்களுக்கு ஆகுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
மருந்தாளுநர், பாப்பாரப்பட்டி.